ஓலையில் எழுதாத உறுப்பு

முன்னொரு காலத்தில், மத்தியான வெயிலைத் தவிர வேறு பகையே இல்லாத ஒரு நாட்டை மகுடேசுவரன் என்ற அரசர் ஆண்டுவந்தார். போர் இல்லை, பஞ்சம் இல்லை, ஆகவே அரசருக்கு வேலையும் இல்லை. உச்சிவேளைச் சாப்பாடு முடிந்ததும் வசந்த மண்டபத்து ஊஞ்சலில் போய்ச் சாய்ந்துகொள்வார். காலைத் தூக்கிப் பட்டு மெத்தைமேல் வைத்துக்கொள்வார். ஊஞ்சலில் இருக்கும்போது அரசரின் பாதம் தரையில் படக்கூடாது என்பது அந்த வம்சத்து வழக்கம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல ஆளில்லை.

ஊஞ்சலை ஆட்ட இரண்டு சேவகர்கள் இருந்தார்கள். உண்ட மயக்கம் அரசருக்கு மட்டும்தான் வருமா? கயிற்றைப் பிடித்தபடியே அவர்களும் கண் அசந்துவிடுவார்கள். ஊஞ்சல் நிற்கும். நின்றதும் அரசர் விழித்துக்கொள்வார். விழித்ததும் கோபம் வரும். அப்படி வந்த கோபத்தில் ஒருநாள் சபையைக் கூட்டி, யாரும் ஆட்டாமல் ஆடுகிற ஊஞ்சல் ஒன்று எனக்கு வேண்டும், செய்பவருக்குச் செப்பேடு உண்டு என்று சொல்லிவிட்டார்.

செப்பேடு என்ன என்று சொல்லவேண்டும். அது அரசரின் பாட்டனார் ஏற்படுத்திய வழக்கம். புதிதாக ஒரு பொறியைக் கண்டுபிடித்தவர், அதைச் செய்யும் விதத்தை ஓலையில் விளக்கமாக எழுதி அரண்மனையில் கொடுக்கவேண்டும். அந்தத் தொழில் தெரிந்த எவரும் ஓலையைப் படித்தே பொறியைச் செய்துவிடவேண்டும், அப்படி இருக்கவேண்டும் எழுத்து. பதிலுக்கு அரசர் செப்பேடு எழுதித் தருவார். கண்டுபிடித்தவர் உயிரோடு இருக்கும்வரை அவர் சம்மதம் இல்லாமல் வேறு யாரும் அந்தப் பொறியைச் செய்யவோ வைத்துக்கொள்ளவோ கூடாது. அவர் காலத்துக்குப் பிறகு ஓலை ஊருக்குச் சொந்தம். ரகசியத்தை ஊருக்குக் கொடு, உரிமையை நீ வைத்துக்கொள் என்பதுதான் பேரம். பாட்டனார் கெட்டிக்காரர்தான். பேரன் காலத்து அமைச்சர்கள் எப்படி இருப்பார்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரியாமல் போயிற்று.

உத்தண்டர் அரசரின் மூன்றாம் அமைச்சர். இரண்டாம் அமைச்சர் ஆகவேண்டுமே என்ற கவலையிலேயே தலைமுடி கொட்டியவர். உளியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் எழுதுவதில் மன்னர். அரசர் ஆசையைச் சொன்ன மறுநாளே ஓலையோடு வந்து நின்றார். அதில் இப்படி எழுதியிருந்தது:

"நல்ல மரத்தைத் தேர்ந்து, தக்கபடி இழைத்து, உரிய உறுப்புகளை உரிய இடத்தில் பொருத்தி, வேண்டிய அளவு விசையை ஏற்றித் தொங்கவிட்டால், ஊஞ்சல் யாரும் ஆட்டாமல் ஆடும். மற்றவை தொழில் அறிந்தவர்க்கு விளங்கும். இவ்விதமாகவோ வேறு எவ்விதமாகவோ தொங்கி ஆடும் பொருள் யாவும் இந்த உரிமைக்குள் அடங்கும்."

ஊஞ்சலை எப்படிச் செய்வது என்பது மட்டும் இதில் இல்லை. எதையெல்லாம் தனக்கென்று எடுத்துக்கொள்வது என்பதில் ஒன்றும் விட்டுப்போகவில்லை.

இப்படிப்பட்ட ஓலைகளைச் சரிபார்க்கத்தான் அரண்மனையில் ஓலைநாயகம் என்றொரு பதவி. அப்போது அதில் இருந்தவர் சேந்தனார். ஓலையின் நீளம் சரியா, துளை நடுவில் விழுந்திருக்கிறதா, கட்டிய நூல் மஞ்சளா என்று மூக்கருகே வைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. உள்ளே எழுதியிருப்பதைப் படிப்பது தம் வேலை இல்லை என்பதில் அவருக்கு உறுதியான கருத்து உண்டு. செப்பேடு வெட்டிக் கொடுத்தாயிற்று.

அரசர் ஊஞ்சல் எங்கே என்றார். நல்ல மரம் அகப்படவேண்டும், மன்னா, என்றார் உத்தண்டர். மாம்பழக் காலம் வந்து போயிற்று, மரம் அகப்படவில்லை. ஆனால் அவருடைய ஆட்கள் மட்டும் ஊரில் தொங்குகிறதையெல்லாம் அகப்படுத்திக்கொண்டிருந்தார்கள். வீட்டு ஊஞ்சலுக்குக் கப்பம். கடைத் தராசுத் தட்டு ஆடுகிறதா, அதற்கும் கப்பம். பெண்கள் தொங்கட்டான்களைக் கழற்றி அஞ்சறைப் பெட்டியில் போட்டுவிட்டு வெறுங்காதோடு திரிந்தார்கள். கோயில் மணியை ஆடாமல் இழுத்துக் கட்டிவிட்டு, அர்ச்சகர் அதை உலக்கையால் தட்டிப் பூசையை முடித்தார்.

அந்த அரசவையின் விகடகவி மருதவாணன். முதலில் இதையெல்லாம் பார்த்து அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். வாயும் சும்மா இருக்கவில்லை. அமைச்சரின் தொப்பையும் நடக்கையில் தொங்கி ஆடுகிறது, அதற்கு அவர் யாரிடம் கப்பம் கட்டுகிறார் என்று சபையில் கேட்டுவைத்தான். அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். உத்தண்டரும் கூடச் சேர்ந்து சிரித்தார், பல்லைக் கடித்துக்கொண்டு.

இரண்டொரு நாளில் அவருடைய ஆட்கள் மருதவாணன் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

மருதவாணனுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவள் ஒரு மகள். கைக்குழந்தை. மனைவி வடிவின் பழைய சேலையில் கட்டிய தூளியில் போட்டால் உடனே தூங்கிவிடுவாள். வேறு எங்கே போட்டாலும் தூங்கமாட்டாள். வந்தவர்கள் நேரே போய்த் தூளியை அவிழ்த்தார்கள். இத்தனை நாள் தூளி ஆடியதற்கும் சேர்த்துக் கப்பம் கட்டினால்தான் திரும்பக் கிடைக்கும் என்று ஒரு தொகை சொன்னார்கள். விகடகவி தன் சிரிப்பையெல்லாம் விற்றாலும் அவ்வளவு தேறாது. பச்சைக் குழந்தையின் தூளியையா அவிழ்ப்பீர்கள் என்று வடிவு கேட்டதற்கு, வந்தவர்களில் மூத்தவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எங்க வீட்டுத் தூளியை அவுத்துட்டுத்தான் தாயி இங்க வர்றோம்" என்றான்.

சேலையையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதன்பிறகு அந்த வீட்டில் குழந்தையும் தூங்கவில்லை, பெற்றவர்களும் தூங்கவில்லை. தோளில் போட்டுத் தட்டினார்கள், மடியில் போட்டு ஆட்டினார்கள், பாயில் போட்டுப் பாடினார்கள். குழந்தை அழுது அழுது தொண்டை கட்டி, சத்தம் வராமல் வாய் மட்டும் அழுதது. வடிவு கோபத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"ராசாவைச் சிரிக்க வைக்கத் தெரியுது, சொந்தப் பிள்ளையைத் தூங்க வைக்கத் தெரியல."

மருதவாணன் தோளில் குழந்தை கக்கிய பால் காய்ந்திருக்க, சிவந்த கண்ணோடு அப்படியே சபைக்குப் போனான்.

சபையில் அவன் முறையிட்டதை அரசர் கேட்டுக்கொண்டார். ஆனால் அவருக்குத் தூளியைவிட ஊஞ்சல் பெரிது. செப்பேடு கொடுத்தது கொடுத்ததுதான், ஓலையில் தப்பு இருந்தால் சொல் என்றார். ஓலையை வைத்து ஊஞ்சல் செய்ய முடியாது என்றான் மருதவாணன். உத்தண்டர் இதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார்.

"மன்னா, அறிவுள்ள எவரும் என் ஓலையைக் கொண்டு பொறியைச் செய்துவிடலாம். இதோ இந்த விகடகவியே செய்து காட்டட்டும். முடியாவிட்டால் அறிவில்லை என்று ஆகிறது. அறிவில்லாதவருக்கு இந்தச் சபையில் என்ன வேலை? குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போகட்டும்."

ஊஞ்சல் எப்படியாவது வந்தால் சரி என்று அரசர் தலையசைத்துவிட்டார்.

மருதவாணன் பெருந்தச்சர் கலியனாரைச் சபைக்கு அழைக்கச் சொன்னான். அரண்மனையின் தேரும் தூணும் அவர் கைப்பட்டவை. ஓலையைப் படித்துக் காட்டினார்கள். கலியனார் இரண்டு முறை கேட்டுவிட்டு, மரம் எது என்று இல்லை, உறுப்பு எது என்று இல்லை, விசை எங்கிருந்து வரும் என்று இல்லை, இதில் செய்வதற்கு என்ன இருக்கிறது என்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்.

"அப்படியானால் இவர் தொழில் அறிந்தவர் அல்லர்" என்றார் உத்தண்டர் அமைதியாக.

"தொழில் அறிந்தவர் யார், அமைச்சரே?" என்று மருதவாணன் கேட்டான்.

"ஓலையைப் படித்ததும் எவருக்குப் பொறியைச் செய்ய வருகிறதோ அவர்."

"அப்படி எவராவது இருக்கிறாரா?"

"நான் இருக்கிறேன்" என்றார் உத்தண்டர்.

"ஓலையில் எழுதாத மற்றவை எங்கே இருக்கின்றன?"

"என் தலையில் இருக்கின்றன." இதைச் சொல்லும்போது அவர் தம் வழுக்கையை ஒரு விரலால் தொட்டும் காட்டினார்.

மருதவாணன் சபையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தான், எல்லாருக்கும் கேட்டதா என்று. பிறகு அரசரை வணங்கி, பொறியைச் செய்ய ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதற்கு வேண்டிய உறுப்பு எங்கிருந்தாலும் எடுத்துக்கொள்ளத் தங்கள் முத்திரை மோதிரம் வேண்டும் என்று கேட்டான். அமைச்சருக்கு இதில் ஆட்சேபம் உண்டா என்றார் அரசர். எந்தக் காட்டு மரத்தை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளட்டும், எனக்கென்ன என்றார் உத்தண்டர். மோதிரம் கைமாறியது.

மருதவாணன் வீடு திரும்பியபோது வடிவுக்கு விஷயம் எட்டியிருந்தது. குழந்தையைத் தோளில் போட்டபடி, "மூட்டை கட்டட்டுமா?" என்று கேட்டாள்.

"கட்டு. தூளிக்கு ஒரு சேலையை மட்டும் வெளியே வை" என்றான்.

சொல்லிவிட்டானே தவிர, அவனுக்கே நிச்சயம் இல்லை. மோதிரம் கையில் இருந்தாலும் அரசர் மனசு கையில் இல்லையே. அவர் சிரித்தால் பிழைத்தோம், முறைத்தால் மூட்டையைத் தூக்கவேண்டியதுதான்.

குறித்த நாளில் சபை முழுவதும் வசந்த மண்டபத்தில் கூடியது. கலியனாரும் மருதவாணனும் செய்த ஊஞ்சல் அங்கே தொங்கியது. தேக்குப் பலகை கண்ணாடியாக மின்னியது. நான்கு மூலைக்கும் வெண்கலச் சங்கிலி, எல்லாம் கச்சிதம். ஊஞ்சலுக்குப் பின்னால் ஆள் உயரப் பலகை ஒன்று நின்றது. அதில் வட்டமாக ஒரு துளை, துளையைச் சுற்றிப் பட்டுத் துணி. அது எதற்கென்று யாருக்கும் விளங்கவில்லை.

அரசர் ஏறி அமர்ந்தார். காலை மெத்தைமேல் வைத்துக்கொண்டார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊஞ்சல் அசையவில்லை. எறும்பு ஊர்ந்தால்கூட இன்னும் கொஞ்சம் அசைந்திருக்கும்.

உத்தண்டர் முகம் மலர்ந்தது. மூடனிடம் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் மன்னா என்றார். அரசரின் மீசை துடித்தது. என்ன இது என்று மருதவாணனைக் கேட்டார்.

"மன்னா, ஓலையில் சொன்னதெல்லாம் சொன்னபடி செய்திருக்கிறோம். மரம் நல்ல மரம். இழைத்தது தக்கபடி. தொங்குவது உரிய இடத்தில். இன்னும் ஓர் உறுப்புதான் பாக்கி. அது ஓலையில் இல்லை. எங்கே இருக்கிறது என்பதை அமைச்சரே தங்கள் முன்னிலையில் சொன்னார். தாங்கள் கொடுத்த முத்திரையின்படி அதை எடுத்துப் பொருத்த அனுமதி வேண்டும்."

அவன் கண்ணைக் காட்டியதும் கலியனார் ஒரு கையில் நூலும் மறு கையில் ரம்பமுமாக உத்தண்டரிடம் போனார். நூலை அவர் கழுத்தைச் சுற்றி அளந்தார். பலகைத் துளையோடு ஒத்துப் பார்த்தார்.

"அளவு சரியாத்தான் இருக்கு. கொஞ்சம் இழைச்சா உட்கார்ந்துரும்" என்றார்.

உத்தண்டர் எப்படித்தான் பாய்ந்தாரோ, அரசரின் ஊஞ்சலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். மருதவாணா, விளையாடுகிறாயா என்று அதட்டினார் அரசர்.

"விளையாடவில்லை, மன்னா. இந்த நாட்டில் எவராலும் இந்தத் தலை இல்லாமல் இந்தப் பொறியைச் செய்ய முடியவில்லை. ஆகவே தலை இந்தப் பொறியின் உறுப்பு. உறுப்பைப் பொருத்தாமல் பொறி எப்படி ஆடும்? பிரித்து எடுக்க மனமில்லை என்றால் உடம்போடு சேர்த்தே பொருத்தலாம். பலகையை அதற்கும் தோதாக இரண்டு பாதியாகத்தான் செய்திருக்கிறோம்."

ரம்பத்தைப் பார்த்த உத்தண்டர் அரசர் பதில் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. தாமாகவே போய்த் தலையைத் துளைக்குள் நுழைத்துக்கொண்டார். கலியனார் பலகையின் இரு பாதிகளையும் கூட்டி, கழுத்தைச் சுற்றி முளை அடித்தார். பலகைக்குப் பின்னால் உத்தண்டரின் கைகளில் ஒரு கயிற்றைக் கொடுத்தான் மருதவாணன். கயிற்றின் மறுமுனை ஊஞ்சலில் இருந்தது.

"அமைச்சரே, தலையில் உள்ளதை இனி ஊஞ்சலுக்கு இறக்குங்கள்" என்றான்.

உத்தண்டர் கயிற்றைப் பார்த்தார். தலையில் உள்ளது எதுவும் இறங்கவில்லை. வேறு வழி தெரியாமல் இழுத்தார். ஊஞ்சல் ஆடியது. அரசருக்கு முகம் தெளிந்தது. பின்னால் பட்டுத் துணிக்கு நடுவில் ஓர் அமைச்சரின் தலை இருப்பதை மறந்து, சாப்பிட்ட களைப்பில் கண்ணை மூடினார். எழுத்தாணி தூக்கிப் பழகிய கை எவ்வளவு நேரம் கயிறு இழுக்கும்? உத்தண்டரின் தோள் நோவெடுத்தது. வழுக்கையில் வேர்வை ஓடியது. கை தளர்ந்தது. ஊஞ்சல் நின்றது. அரசர் விழித்துக்கொண்டார்.

"பொறி பழுதாகிவிட்டதா?"

"இல்லை, மன்னா. உறுப்பு இளைப்பாறுகிறது. தினமும் உச்சிவேளையில் இந்த உறுப்பு இங்கே இருக்குமாறு ஆணையிட்டால் பொறி என்றைக்கும் ஆடும். ஒரே ஒரு கவலைதான் அடியேனுக்கு. கண்டுபிடித்தவர் காலத்துக்குப் பிறகு பொறி ஊருக்குச் சொந்தம் என்றார் தங்கள் பாட்டனார். அன்றைக்கு ஓலைநாயகம் ஓலையை எடுத்து ஊரிடம் கொடுப்பார். தலையை யார் கொடுப்பார்?"

அரசர் ஓலையை வாங்கித் தாமே படித்தார். செப்பேடு கொடுத்தவர் அந்த ஓலையைப் படித்தது அதுதான் முதல் தடவை. படித்து முடித்துவிட்டு மெல்லத் திரும்பிப் பலகையைப் பார்த்தார்.

"உத்தண்டரே, யாரும் ஆட்டாமல் ஊஞ்சல் எப்படி ஆடும்? தலையில் இருப்பதை வாயால் சொல்லும்."

உத்தண்டர் சபையைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். நாளைக்கும் உச்சிவேளை வரும் என்பதை நினைத்தார்.

"மன்னா, என்னை அவிழ்த்துவிடுங்கள். என் தலையில் ஒன்றும் இல்லை."

இத்தனை காலம் அமைச்சராக இருந்தவர் சபையில் சொன்ன முதல் உண்மை இது என்று சொன்னால் பொய்யாகாது. பின் எதற்கு ஓலை எழுதினீர் என்று அரசர் கேட்டார். என்றைக்காவது எவனாவது அப்படி ஒரு ஊஞ்சலைக் கண்டுபிடிக்காமலா போவான், கண்டுபிடிக்கும்போது அது என்னுடையதாக இருக்கட்டும் என்று எழுதினேன் என்றார் உத்தண்டர், கழுத்து பலகையில் இருந்தபடியே.

அரசர் முறைத்தார். மருதவாணனுக்கு ஒரு கணம் வீட்டு மூட்டை கண்முன் வந்துபோனது. பிறகு அரசரின் மீசைக்கு அடியில் ஏதோ நெளிந்தது. தோள் குலுங்கியது. அடக்கப் பார்த்து முடியாமல் வெடித்துச் சிரித்துவிட்டார். சிரிப்பில் உடம்பு குலுங்க, ஊஞ்சல் லேசாக ஆடத் தொடங்கியது.

"மன்னா, ஆடுகிறது பாருங்கள். யாரும் ஆட்டவில்லை" என்றான் மருதவாணன்.

அரசர் சிரிப்பை நிறுத்திக் கீழே பார்த்தார்.

"இதற்கான ஓலையை வாயாலேயே சொல்லிவிடுகிறேன், மன்னா. கால்களை மெத்தையிலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். வலது காலின் விரல்களைத் தரையில் ஊன்றுங்கள். பின்பக்கமாக ஓர் உந்து உந்திவிட்டுக் காலைத் தூக்கிக்கொள்ளுங்கள். ஆட்டம் குறையும்போது மறுபடியும் ஓர் உந்து. ஓலையில் எழுதாதது என்று ஒன்றும் மிச்சமில்லை."

பாதம் தரையில் படுவதா என்று சேந்தனார் பதறினார். வம்ச வழக்கம் என்று யாரோ முனகினார்கள். அரசர் தரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு, குளத்தில் இறங்குகிறவர்போலக் கட்டைவிரலை முதலில் வைத்தார். உந்தினார். ஊஞ்சல் முன்னே போய்ப் பின்னே வந்தது. மறுபடி உந்தினார். மண்டபத்துக் காற்று அவர் அங்கவஸ்திரத்தைத் தூக்கியது. அவ்வளவு பெரிய அரசர் சின்னப் பிள்ளைபோலக் கலகலவென்று சிரித்தார். இதற்குச் செப்பேடு உனக்குத்தான், மருதவாணா என்றார்.

"வேண்டாம், மன்னா. உரிமை கொடுப்பதானால் என் மகளுக்குத்தான் கொடுக்கவேண்டும். தூளியில் காலை உதைத்து உதைத்து அவளே ஆடிக்கொள்வாள். ஆனால் அவளும் கண்டுபிடிக்கவில்லை. இந்த நாட்டில் பிறந்த எல்லாக் குழந்தைக்கும் அது தெரியும், அரச குடும்பத்துக் குழந்தைகளைத் தவிர. அடியேனுக்கு வேண்டியது வடிவின் சேலை ஒன்றுதான்."

அரசர் தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். உத்தண்டரின் செப்பேட்டை உருக்கிக் கோயிலுக்கு மணி வார்க்கச் சொன்னார். இனி எவர் ஓலை கொடுத்தாலும், எழுதியவரை வாய் திறக்காமல் ஒரு பக்கம் உட்காரவைத்துவிட்டு, ஓலையை மட்டும் வைத்துக் கலியனார் போன்றவர்கள் பொறியைச் செய்து பார்க்கவேண்டும், செய்ய வந்தால்தான் செப்பேடு என்று ஆணையிட்டார். சேந்தனார் இனிமேல் ஓலைகளைப் படிக்கவும் வேண்டும் என்றார். சேந்தனாருக்கு அதுதான் பெரிய தண்டனையாகப் பட்டது. உத்தண்டருக்கு வேறு ஒரு வேலை: அவிழ்த்த தூளிகளையெல்லாம் வீடு வீடாகப் போய்த் தம் கையாலேயே திரும்பக் கட்டித் தரவேண்டும்.

முதல் வீடு மருதவாணனுடையது. உத்தண்டர் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றார். விட்டத்தைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், எந்த முனையை எங்கே போடுவது என்று தெரியவில்லை. சத்தம் வராத தொண்டையோடு குழந்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில், எப்படிக் கட்டுவது தாயே என்று வடிவிடம் கேட்டார்.

வடிவு குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள்.

"நல்ல சேலையா எடுத்து, தக்கபடி மடிச்சு, உரிய இடத்துல தொங்கவிடுங்க. மத்தது தொழில் தெரிஞ்சவங்களுக்கு விளங்கும்" என்றாள்.

இதைக் கேள்விப்பட்ட அரசர் அன்று முழுவதும் சிரித்தார் என்கிறார்கள். கடைசியில் வடிவேதான் சேலையைப் பிடுங்கித் தூளியைக் கட்டினாள். படுத்ததும் குழந்தை காலால் இரண்டு உதை உதைத்தாள். தூளி ஆடியது. மூன்றாவது உதைக்கு முன்பே தூங்கிவிட்டாள்.